பச்சைப்பெருமாளின் கடைசிப் பாட்டு

சபாரத்தினம் தன் வாழ்நாளில் இரண்டாயிரத்துச் சொச்சம் வீடியோ எடுத்தவர். கல்யாணம், பெண்பிள்ளையின் சாமத்திய வீடு, அறுபதாம் கல்யாணம், புதுவீடு குடிபூரல், ஒருமுறை அப்டன் பார்க்கில் ஒரு நகைக்கடைத் திறப்புவிழா. லண்டனில் அவருடைய கமராவுக்கு முன்னால் நிற்காத தமிழர் இரண்டே வகைதான்: இன்னும் பிறக்காதவர்கள், இன்னும் விசா கிடைக்காதவர்கள்.

ஆனால் அந்த இரண்டாயிரத்தில் ஒன்றையாவது ஒருத்தராவது முடிவு வரைக்கும் பார்த்தது கிடையாது. கல்யாணப் பொம்பிளையின் சித்தி தன்னுடைய முகம் வரும் இடம் மட்டும் பார்ப்பா. முகம் வந்ததும் “ஐயோ, என்ன உப்பிடிக் குண்டாத் தெரியிறன்” என்று ரிமோட்டை அமத்திவிடுவா. மாப்பிள்ளை அதுகூடப் பார்ப்பதில்லை.

எழுபது வயதில், கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் தன் வீட்டுச் சோபாவில், முழங்காலுக்குக் கிறீம் பூசிக்கொண்டு இருந்த சபாரத்தினத்துக்கு மிச்சமிருந்தது ஒரேயொரு ஆசை. தான் எடுத்த எதையாவது ஒரு மண்டபம் நிறைந்த சனம், இடையில் எழும்பாமல், கடைசி வரைக்கும் பார்க்கவேண்டும். ஒரே ஒருதரம். அதற்குப் பிறகு கண்ணை மூடினாலும் பரவாயில்லை என்று மனிசி செல்வமலரிடம் கிழமைக்கு மூன்றுதரம் சொல்லுவார். “முதல்ல கிறீம் போத்தலை மூடுங்கோ” என்பா அவ.

அப்படியிருக்க, போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. திறந்தால், முப்பத்துமூன்று வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கையில் ஒரு கேக் பெட்டியோடு சிரித்துக்கொண்டு நின்றாள்.

“அங்கிள், என்னைத் தெரியுதா? நான் ஜெனோஜா. கமலேஸ்வரியின்ர மகள்.”

கமலேஸ்வரி என்ற பெயரைக் கேட்டதும் சபாரத்தினம் கதவைப் பாதி சாத்தினார். பத்தொன்பது வருசமாக அந்தப் பெயர் வரும் கல்யாணங்களுக்கு அவர் பின்கதவால் போய்ப் பின்கதவால் வந்தவர்.

காரணம் இதுதான்.

2005இல் சபாரத்தினத்துக்குச் சினிமாப் பேய் பிடித்தது. கதையும் அவரே, கமராவும் அவரே. லண்டன் பெற்றோல் செட்டில் வேலை செய்யும் நாலு தமிழ்ப் பெடியள் ஒரு ரொக் பாண்ட் தொடங்குகிறார்கள். உலகத்தையே ஆட்டி வைக்கிறார்கள். பிறகு ஒரு கோழிப் புரியாணிச் சண்டையில் பிரிந்து போகிறார்கள். உண்மையாகவே அப்படி ஒரு பாண்ட் இருந்தது போல, பேட்டிகளோடு, ஆவணப்படமாக எடுத்தார். பாண்டின் பெயர் பச்சைப்பெருமாள். அது ஊர் அரிசி ஒன்றின் பெயர். ட்ரம் அடிக்கிறவருக்கு ஸ்டூல் கிடைக்காமல் ஒரு அரிசி மூட்டையில் இருத்தினார்கள். மூட்டையில் எழுதியிருந்ததே பாண்டுக்குப் பெயராகிவிட்டது.

இது பகிடிப் படம் என்று யாரும் நினைக்கக்கூடாது. சபாரத்தினம் கண்ணீர்ப் படம்தான் எடுத்தார். அது அவரையும் மீறிப் பகிடியாகிவிட்டது.

பாடகர் ராக்கி ராசனாக நடித்தவர் கிறிஸ்துராஜா. பிரான்சில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். பாடத் தெரியாது, கிற்றார் தெரியாது. ஆனால் அவரிடம் ஒரு தோல் ஜாக்கெற் இருந்தது. வேறு என்ன தகுதி வேணும்? கிற்றாரில் மூன்று கம்பிதான். ஒரு காட்சியில் இடக்கையால் வாசிப்பார், அடுத்த காட்சியில் வலக்கையால். பாரிஸ், சூரிச், ஒஸ்லோ என்று உலகச் சுற்றுப்பயணம் முழுவதும் பார்க்கிங்கில் ஒரே தெருவில் எடுத்தபடியால், மூன்று நாட்டிலும் பின்னால் அதே சிவப்பு மாடி பஸ் போகும். ஒஸ்லோவில் பனி வேணும். செல்வமலர் மாடி ஜன்னலில் நின்று துருவின தேங்காய்ப்பூவைத் தூவினா. அதில் ஒரு பிடி கிறிஸ்துராஜாவின் வாய்க்குள் போக, மனிசன் எழுதிக்கொடுத்த வசனத்தை மறந்து, தொண்டை அடைக்க, “பனியிலயும் ஊர் மணக்குதடா” என்றார். ஒரு கிழமைக்கு அந்தத் தெருப் புறாக்கள் வயிறு வீங்கிப் பறக்க ஏலாமல் நடந்து திரிந்தன.

அந்தப் படம் வீடியோக் கசற்றாக அலுமாரிக்குள் கிடந்தது. அடுத்த வருசம், பதினாலு வயது ஜெனோஜாவின் பரதநாட்டிய அரங்கேற்றம் வந்தது. தாய் கமலேஸ்வரி செய்த அரங்கேற்றம் சும்மா அரங்கேற்றமா? மேடைக்குப் பின்னால் தெர்மக்கோலில் ஒரு கோபுரம். அதைப் பார்த்து வெளியில் நின்ற வெள்ளைக்காரப் பொலிஸ்காரர் சப்பாத்தைக் கழற்றியதாகக் கேள்வி. வந்த அறுநூறு வீட்டுக்கும் நன்றிப் பரிசாக டிவிடி. வெளியுறையில் பொன்னிறத்தில் நடராசர். இரண்டு தட்டு. இரண்டாவது தட்டில் மங்களம் முடிய, கமலேஸ்வரியின் நன்றியுரை வரவேண்டும்.

சபாரத்தினம் அந்தக் கிழமை மூன்று கல்யாணம் எடுத்துக் களைத்துப்போய், நன்றியுரைக் கசற்றுக்குப் பதிலாக அலுமாரியில் பக்கத்தில் கிடந்த கசற்றைச் செருகிவிட்டுக் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டார்.

அறுநூறு வீட்டுக்கும் போனது. நடராசருக்கு உள்ளே பச்சைப்பெருமாள்.

கமலேஸ்வரி தொலைபேசியில் ஒரே வசனம்தான் சொன்னா. “சபாரத்தினம், இனி என்ர முகத்தில முழிக்காதையும்.” அதற்குள் நன்றியுரைக் கசற்றின்மேல் வேறு யாரோ ஒருத்தரின் கல்யாணம் பதிவாகி முடிந்திருந்தது.

இப்போது அந்தக் கமலேஸ்வரியின் மகள் கேக் பெட்டியோடு சோபாவில் இருக்கிறாள்.

“அங்கிள், உங்கட படம் இப்ப எவ்வளவு பேமஸ் எண்டு தெரியுமா?”

“எந்தப் படம், பிள்ளை?” என்றார் சபாரத்தினம், கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு.

ஜெனோஜா சொல்லச் சொல்ல அவருடைய வாய் பிளந்தது. அந்த டிவிடியை ஒருத்தராலும் எறிய ஏலவில்லையாம். நடராசரைக் குப்பையில் போடுவதா? பழஞ்சாமான் கடைக்குக் கொடுத்தால் சாமியை விற்றதாகாதா? ஆகவே ஹரோவிலிருந்து குரொய்டன் வரைக்கும் அறுநூறு வீட்டிலும் டிவிக்குக் கீழே அது குந்திக்கொண்டிருந்தது. நடனம் பழகும் பிள்ளைகளை இழுத்துக் கொண்டுவந்து, “ஜெனோஜாவைப் பார், உப்பிடி ஆடவேணும்” என்று டிவிக்கு முன்னால் இருத்திவிட்டு, தாய்மார் குசினிக்குள் போய்விடுவார்கள். பிள்ளைகள் மங்களம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கும். பிறகு ராக்கி ராசன் வருவார்.

“அம்மா குசினியில இருந்து, என்ன பிள்ளை செய்யிறாய் எண்டு கேப்பா. பரதம் பாக்கிறன் அம்மா எண்டு எல்லாரும் சொல்லுவம். எல்லா வீட்டிலயும் அதே பொய், அங்கிள்!”

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து யூனிவர்சிற்றிக்குப் போனார்கள். ஒரு குளிர்நாளில் யாரோ ஒருத்தன் கன்ரீனில் “பனியிலயும்” என்று தொடங்க, நாலு மேசையில் இருந்து “ஊர் மணக்குதடா!” என்று பதில் வந்ததாம். அண்டைக்குத்தான் ஒவ்வொருத்தருக்கும் தெரிந்தது, இது தன் வீட்டு இரகசியம் மட்டும் இல்லை என்று. முதல் வருசம் ஜெனோஜாவின் பிளாற்றில் பன்னிரண்டு பேர் கூடிப் பார்த்தார்கள். அடுத்த வருசம் ஒரு தேவாலய மண்டபம். இந்த வருசம் பார்க்கிங்கில் நானூறு பேர் கொள்ளும் மண்டபம். ரொறன்ரோவில் இருந்தும் ஒஸ்லோவில் இருந்தும் ஆட்கள் பிளேன் ஏறுகிறார்கள்.

“அங்கிள், ஒண்டு கேக்கட்டா? கடைசிக் கச்சேரியில ராக்கி ராசன் மைக்கைப் பிடிச்சு வாயைத் திறக்க, படம் அப்பிடியே நிண்டுடும். பிறகு திரும்ப அரங்கேற்ற மெனு வந்திடும். அந்தக் கடைசிப் பாட்டு என்ன? எங்களுக்குள்ள யூனிவர்சிற்றி நாளில இருந்து சண்டை.”

உண்மை என்னவென்றால், கடைசிப் பாட்டே கிடையாது. எழுதவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அன்று கிறிஸ்துராஜா வாயைத் திறந்த அதே கணம், மண்டபக் காவலாளி சரியாக ஆறு மணி என்று மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டான். அடுத்த கிழமை எடுக்கலாம் என்றால், அதற்குள் கிறிஸ்துராஜாவின் மனிசி தோல் ஜாக்கெற்றைத் தூக்கி எறிந்துவிட்டா. ஜாக்கெற் இல்லாமல் ராக்கி ராசன் ஏது? இது சபாரத்தினத்துக்கும் கிறிஸ்துராஜாவுக்கும் செல்வமலருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

ஆனால் நானூறு பேர் என்று காதில் விழுந்தபிறகு மனிசனுக்கு நாக்கு நிற்குமா?

“இருக்குது பிள்ளை,” என்றார். “தட்டில இடம் காணாமல் விட்டனான். ஏழு நிமிசம். பார்த்திட்டு அழாமல் எழும்பினவன் ஒருத்தனும் இல்லை.”

குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற செல்வமலர் அவரை ஒரு பார்வை பார்த்தா. கொதித்த தேத்தண்ணி அந்தப் பார்வையில் ஆறிப்போயிற்று.

ஒரு கிழமைக்குள் நோட்டீஸ் வந்துவிட்டது. ‘உலகில் முதன்முறையாக: கடைசிப் பாட்டு! இயக்குநர் சபாரத்தினம் நேரில்!’

சபாரத்தினம் மூன்று ரெயின் மாறி வெஸ்ட் ஈலிங்குக்கு ஓடினார். கனகதுர்க்கை அம்மன் கோயிலுக்கு அடுத்த தெருவில் கிறிஸ்துராஜா வீடு. ராக்கி ராசனுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. மயிர் கொட்டித் தலை வெளித்துவிட்டது, வண்டி வயிறு முன்னால் வந்துவிட்டது.

“மச்சான், ஒரு பாட்டு. ஏழே ஏழு நிமிசம்.”

“உனக்கு விசரே? அண்டைக்கு உன்ர சொல்லைக் கேட்டுத் திறந்த வாயை இன்னும் மூடேல்லை. இப்பவும் அம்மன் கோயில் தேருக்கு நிண்டா, அந்நியப் பெடியள் வந்து என்னோட சேர்ந்து வாயைத் திறந்துகொண்டு போட்டோ எடுக்கிறாங்கள். ஏனெண்டு எனக்கே விளங்கேல்லை!”

“விளங்கப்போகுது. வெளிக்கிடு.”

சபாரத்தினத்தின் கராஜில் படப்பிடிப்பு நடந்தது. செல்வமலரின் கறுத்தக் குளிர் கோட்டு ஜாக்கெற்றாகியது, பொத்தான் பூட்ட ஏலவில்லை. கிறிஸ்துராஜா மைக்கைப் பிடித்தார், வாயைத் திறந்தார், மேல் பல்லுக்கட்டு மைக்கில் விழுந்தது. இரண்டாம் முறை பல்லைக் கழற்றிவைத்துவிட்டுப் பாடினார். அடுத்த வீட்டு நாய் முதலில் ஊளையிட்டது, பிறகு அழுதது, அதற்குப் பிறகு அந்த நாய் அந்தப் பக்கமே வரவில்லை. பதினாலு தரம் எடுத்தார்கள். சின்னத் திரையில் போட்டுப் பார்த்தால், முன்காட்சியில் வாய் திறந்த மனிசனும் பின்காட்சியில் பாடிய கிழவனும் மகனும் தகப்பனும் போல இருந்தார்கள்.

“இஞ்சேருங்கோ,” என்றா செல்வமலர், “மேடையில ஏறி உண்மையைச் சொல்லுங்கோவன்.”

“சொன்னா சனம் எழும்பிப் போயிடுமப்பா.”

அதைச் சொல்லும்போது சபாரத்தினத்தின் குரலில் பகிடி இருக்கவில்லை. செல்வமலர் கோட்டைத் தட்டிக் கொழுவிவிட்டு உள்ளே போய்விட்டா.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு மண்டபத்துக்குப் போனால், கியூ தேம்ஸ் ஆறு வரைக்கும் நின்றது. இன்னும் நாலு பேர் வந்திருந்தால் கடைசி ஆள் ஆற்றுக்குள் நின்றிருப்பார். பெடியள் தோல் ஜாக்கெற் போட்டிருந்தார்கள். பெட்டைகள் மூன்று கம்பிக் கிற்றார் கொண்டுவந்திருந்தார்கள். ஒருத்தன் அட்டையில் சிவப்பு பஸ் செய்து இடுப்பில் மாட்டியிருந்தான். ஆளுக்கொரு பொலித்தீன் பையில் தேங்காய்ப்பூ. அன்றைக்கு கிரீன் ஸ்ட்ரீற்றில் ஒரு கடையிலும் தேங்காய் இல்லை. கிறிஸ்துராஜாவைக் கண்டதும் நானூறு பேரும் வாயைத் திறந்து காட்டினார்கள். மனிசன் பயந்துபோய்த் தன் பல்லைத் தொட்டுப் பார்த்தார்.

சபாரத்தினத்தின் தோளில் பழைய கமரா தொங்கியது. அவர் அது இல்லாமல் செத்தவீட்டுக்கும் போனதில்லை. சட்டைப் பைக்குள் ஒரு கசற். ஒன்றும் பதிவாகாத வெறுங்கசற். அதை ஏன் கொண்டுவந்தார் என்று அவருக்கே தெரியாது. கையில் எதையாவது பிடித்திருந்தால்தான் பொய்யும் நிற்கும்.

முன்வரிசையில், நடுக்கதிரையில், அரக்குக் காஞ்சிபுரச் சேலையில், மடியில் ஒரு பெரிய கைப்பையோடு கமலேஸ்வரி. எழுபத்துமூன்று வயதிலும் முதுகு கதிரையில் படவில்லை.

படம் ஓடியது. அப்படி ஒரு படம் பார்த்தலை உலகம் கண்டிராது. பஸ் வரும்போதெல்லாம் நானூறு பேரும் கை நீட்டி மறித்தார்கள். கிற்றார் கைமாறும்போது எல்லாரும் எழும்பி இடம் மாறி இருந்தார்கள். ஒஸ்லோ வந்தது. தேங்காய்ப்பூ மழையாகக் கொட்டியது, முன்வரிசை வெள்ளையாகியது, கமலேஸ்வரியின் கொண்டையில் ஒரு சின்ன மலையே நின்றது. “பனியிலயும் ஊர் மணக்குதடா!” என்ற சத்தத்தில் மண்டபக் கண்ணாடி நடுங்கியது. பக்கத்தில் இருந்து பார்த்த சபாரத்தினத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கண்ணீர்ப் படமாக எடுத்தது அல்லவா, அழுகிற வேலையை அவரே செய்தார்.

கடைசிக் கச்சேரி. ராக்கி ராசன் மைக்கைப் பிடித்தார். வாயைத் திறந்தார். படம் நின்றது. நானூறு பேரும் வாயைத் திறந்தபடி, சத்தமில்லாமல், சபாரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அங்கிள், வாங்கோ!” என்றாள் மேடையில் நின்ற ஜெனோஜா.

ஏறினார். மைக்கைப் பிடித்தார். அவரும் வாயைத் திறந்தார். சட்டைப் பையில் இருந்த கசற்றை எடுத்துப் பிடித்தார்.

“பிள்ளையள்,” என்றார், “கடைசிப் பாட்டு இல்லை. எடுக்கவே இல்லை. காவலாளி லைற்றை நிப்பாட்டிப்போட்டான். தட்டில இடம் காணேல்லை எண்டது பொய். இந்தக் கசற்றும் வெறுங்கசற். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. போறவை போகலாம்.”

கண்ணை மூடிக்கொண்டார். கதிரைகள் மடியும் சத்தத்துக்குக் காத்து நின்றார். முப்பது வருசம் கேட்டுப் பழகிய சத்தம் அது.

பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. “பொய்!”

“இயக்குநர் பகிடி விடுறார்!” என்றது இன்னொன்று.

“சத்தியமா இல்லையடா தம்பி!”

“அப்ப நாங்கள் இவ்வளவு காலமும் கேட்டது என்ன?” என்று ஒரு பெட்டை கத்தினாள். அதே நேரம் டிவிடி வழக்கம்போல மெனுவுக்குத் திரும்பியது. பதினாலு வயது ஜெனோஜா திரையில் அரைமண்டியில் நிற்க, நட்டுவாங்கத் தாளம் தொடங்கியது. தாம் தித்தாம் தெய் தத்தெய்.

நானூறு வாயும் ஒன்றாக அதைச் சொல்லத் தொடங்கின. சபாரத்தினத்துக்கு அப்போதுதான் விளங்கியது. வாய் திறந்த ராக்கி ராசனுக்கு அடுத்ததாக இந்தப் பிள்ளைகளின் காதில் விழுந்தது எப்போதும் இந்த அலாரிப்புத்தான். அவர்கள் சண்டை பிடித்தது பாட்டு இதுதானா, இதற்குப் பிறகு வேறு வருமா என்று மட்டும். தாம் தித்தாம் தெய் தத்தெய்! தோல் ஜாக்கெற்றுகள் அரைமண்டியில் இறங்கின. மேடையில் ஜெனோஜா சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, ஜீன்சோடு, பிசகில்லாமல் ஆடினாள். சபாரத்தினம் கீழே பார்த்தார். கமலேஸ்வரியின் விரல்கள் கைப்பையில் தாளம் போட்டன.

ஆட்டம் முடிய, கமலேஸ்வரி எழும்பினா. மண்டபம் அமைதியாகியது. கொண்டையில் தேங்காய்ப்பூவோடு மேடை ஏறி வந்து, சபாரத்தினத்துக்கு முன்னால் நின்றா.

“கமலாக்கா,” என்றார் அவர், “உங்கட பிள்ளையின்ர அரங்கேற்றத்தைப் பகிடியாக்கிப்போட்டன்.”

“ஆர் சொன்னது? என்ர பிள்ளையின்ர அலாரிப்பை நானூறு பேர் மனப்பாடமாச் சொல்லுதுகள். எந்தத் தாய்க்குக் கிடைக்கும்?”

“அப்ப என்னத்துக்கு என்னோட பத்தொன்பது வருசம்…”

“என்ர நன்றியுரையை எங்க போட்டனீர், சபாரத்தினம்?”

சபாரத்தினம் வாயைத் திறந்தார். மூடவில்லை.

“மூண்டு கிழமை இருந்து எழுதினது. ஒருத்தரையும் விடாமல். அது தட்டில இல்லையெண்டு, நன்றி கெட்டவள் எண்டு எத்தினை பேர் என்னோட கதைக்காமல் விட்டவை தெரியுமே?” கைப்பையைத் திறந்தா. நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தா. மடிப்புகள் மஞ்சளாகிக் கிடந்தன. “தள்ளும் அங்கால.”

தமிழ் விழாவில் நன்றியுரை என்றால் சனம் எழும்பிப் பொக்கற்றுக்குள் கார்த் திறப்பைத் தேடும் நேரம். அது உலக நியதி. ஆனால் அன்றைக்கு “அவையோர் அனைவருக்கும்” என்று கமலேஸ்வரி தொடங்கியதும், “ஓம்!” என்று மண்டபம் பதில் சொன்னது. அவ நிமிர்ந்து பார்த்தா. அடுத்த பெயரை வாசித்தா. “ஓம்!” மிருதங்க வித்துவானுக்கு ஒரு ஓம். பூமாலை கட்டியவருக்கு ஒரு ஓம். வடை சுட்ட ஏழு பெண்களுக்கும் ஏழு ஓம். ஒரு கதிரைகூட மடியவில்லை.

சபாரத்தினத்தின் கை தானாக வேலை செய்தது. தோளில் இருந்த கமராவை இறக்கினார், வெறுங்கசற்றைச் செருகினார், சிவப்பு விளக்கு எரிந்தது. முழங்கால் நோ எங்கே போனதோ தெரியாது; மண்டியிட்டு, கீழிருந்து, நல்ல கோணத்தில் எடுத்தார். முன்வரிசையில் கிறிஸ்துராஜா வாயை இறுக மூடிக்கொண்டு, கைகட்டி, பக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

“நிறைவாக,” என்று கமலேஸ்வரி தாளின் அடிப்பக்கத்துக்கு வந்தா, “இந்த விழாவைப் பொறுப்போடு படம்பிடித்துத் தந்த சபா வீடியோ சபாரத்தினம் அவர்களுக்கும்…” கொஞ்சம் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்தா. “பொறுப்போடு எண்டு அப்ப எழுதினது. மாத்தாமல் வாசிக்கிறன்.”

மண்டபக் கூரை கழன்று ஈஸ்ட் ஹாம் பக்கம் பறந்தது.

கமராவின் சின்னத் திரையில் நேரம் ஓடி நின்றது. சபாரத்தினம் பார்த்தார். பக்கத்தில் வந்து நின்ற செல்வமலருக்கும் காட்டினார். ஏழு நிமிசம் பதினொரு செக்கன்.

“நான் பொய் சொல்லுறதில்லையப்பா,” என்றார். “கொஞ்சம் முந்திச் சொல்லிப்போடுறன், அவ்வளவுதான்.”